கல்லீரல் செல்லுக்குள் ஹெபடைடிஸ் பி: ஆய்வுக்கூட அனுபவம்

முனைவர் பட்ட ஆய்வில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதை வளர்ப்புத் தட்டில் நிகழ்த்திக் காட்டுவதாகும். ஆய்வுக்கூடங்களில் எளிதில் கிடைக்கும் ஹெப்ஜி2 செல்கள் கல்லீரல் புற்றுக்கட்டியிலிருந்து பெறப்பட்டவை. என்டிசிபி என்னும் ஏற்பிப் புரதம் அவற்றில் ஏறக்குறைய இல்லாததால், இந்த வைரஸ் அவற்றைத் தொற்றுவதில்லை. இரத்தத்திலுள்ள பித்த உப்புகளைச் செல்லுக்குள் ஏற்றுவதே அந்தப் புரதத்தின் இயல்பான பணி. ஹெபடைடிஸ் பி, டி ஆகிய இரு வைரஸ்களும் அதைப் பற்றிக்கொண்டே நுழைகின்றன என்பதை 2012இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லீயின் குழுவினர் கண்டறிந்தார்கள். அதற்கான மரபணு சேர்க்கப்பட்ட ஹெப்ஜி2 செல்களைக் கொண்டுதான் நானும் தொடங்கினேன்.

ஏற்பி இருப்பது மட்டும் போதாது. கொலாஜன் பூசிய தட்டில் செல்களை நெருக்கமாக வளர்த்து, ஊடகத்தில் செல்கள் கல்லீரல் இயல்போடு இருக்க உதவும் டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானை 2 விழுக்காடு சேர்த்து, வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் பாலிஎத்திலீன் கிளைக்கால் 4 விழுக்காடு கலந்த வைரஸ் கரைசலில் இரவு முழுவதும் வைத்தேன். வைரஸ் முதலில் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஹெபரான் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளில் தளர்வாக ஒட்டுகிறது. அதன் பிறகே அதன் உறைப்புரதத்தின் ப்ரீ-எஸ்1 பகுதி என்டிசிபியை இறுகப் பற்றுகிறது.

உண்மையான சிக்கல் இங்குதான் இருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் ஒட்டிய வைரஸில் ஒரு பகுதி தங்கிவிடுவதால், தொடக்க நாட்களில், வைரஸ் புரதத்தை நிறமாற்றத்தால் அளக்கும் எலைசா சோதனையில் தெரியும் நிறம் தொற்றினால் வந்ததா, மிச்சத்தால் வந்ததா என்று சொல்ல இயலாது. இதைத் தீர்த்துவைத்தது ப்ரீ-எஸ்1இன் 47 அமினோ அமிலங்களோடு மிரிஸ்டிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் இணைந்த பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு. இது என்டிசிபியை முன்பே பற்றிக்கொண்டு வைரஸ் நுழைவதைத் தடுப்பதால், இதைச் சேர்த்த பிறகும் தெரியும் நிறம் மிச்சத்தால் வந்தது எனலாம். புலெவிர்டைடு என்ற பெயரில் 2020இல் ஐரோப்பாவில் ஹெபடைடிஸ் டிக்கு மருந்தாக அனுமதி பெற்றதும் இதுவே. நோயாளிக்கு உதவும் மருந்தே ஆய்வாளனுக்கு அளவுகோலாகவும் அமைவது எனக்கு இன்றும் பெருவியப்பு.

பெப்டைடை முன்கூட்டியே சேர்த்த தட்டின் குழிகளில் நுண்ணோக்கியின் கீழ் நீலமாகச் சாயமேறிய உட்கருக்கள் மட்டுமே தெரிந்தன. சேர்க்காத குழிகளில் வைரஸின் உள்ளகப் புரதத்தைக் காட்டும் பச்சை ஒளி ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தெரிந்தது. இந்த ஆய்வைத் தொடங்குவோர் ஒவ்வொரு தட்டிலும் பெப்டைடு சேர்த்த குழிகளைக் கட்டாயம் வைத்து, அவற்றின் அளவைக் கழித்த பின்னரே மற்ற எண்களைப் படிக்க வேண்டும்.