பார்லித் தண்ணீர் காய்ச்சிய கதை

பீரை நாவால் தொட்டும் அறியாத நான், பீர் காய்ச்சும் கணினி விளையாட்டு ஒன்றில் இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டு விழித்தேன் என்றால் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மாட்டியது ஸ்பார்ஜிங் என்ற ஒரே கட்டத்தில்தான்; சாறு வடித்த தானியச் சக்கையில் மிஞ்சிய சர்க்கரையை வெந்நீர் விட்டுக் கழுவி எடுப்பது அது. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை உடைத்து 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்துக்கொண்டு சக்கையைக் கொட்டினேன். சக்கையில் ஒட்டியிருந்த சர்க்கரையையும் சேர்த்துக் கொட்டிவிட்டதாக விளையாட்டு ஏசியது. மறுமுறை, கழுவத்தானே சொல்கிறார்கள் என்று கொதிநீரை ஒரே வாளியாகச் சாய்த்தேன். பீர் துவர்க்கிறது என்று தீர்ப்பு வந்தது.

அந்த நேரம் பார்த்து, மன்னார்குடியிலிருந்து பித்தளை ஃபில்டரோடு வந்திறங்கியிருந்த மாமியார் பின்னால் நின்று, "என்ன மாப்பிள்ளை காய்ச்சுகிறீர்கள்?" என்று கேட்டார். கீழே காப்பிக்கடையில் அவர் விரும்பிக் குடித்தது நினைவுக்கு வர, "பார்லித் தண்ணீர், அத்தை" என்றேன். மால்ட்டும் பார்லிதானே, முழுப் பொய் இல்லை.

அவர் என்னை அடுப்பங்கரைக்கு அழைத்துச்சென்று ஃபில்டரில் தூளைப் போட்டு, வெந்நீரைக் கரண்டி கரண்டியாகச் சுற்றிலும் விட்டார். "ஒரே இடத்தில் ஊற்றினால் தண்ணீர் குழி பறித்துக்கொண்டு ஓடிவிடும், மற்ற தூள் சும்மா கிடக்கும். அழுத்தி வைத்தால் சொட்டுகூட இறங்காது. இரண்டாம் டிகாஷனுக்கு மேல் ஆசைப்பட்டால் கழுநீர்தான்." நான் இரண்டு வாரமாகப் பட்ட வியாதிகள் அத்தனைக்கும் மருந்து மூன்று வாக்கியத்தில் முடிந்தது.

திரும்பி வந்து, உமியின் துவர்ப்பு இறங்காதபடி நீரை 76 டிகிரியில் நிறுத்தி, சக்கைக்கு மேல் இரண்டு விரற்கடை நீர் எப்போதும் நிற்குமாறு, கீழே வடியும் அளவுக்கே மேலே தெளித்தேன். வடியும் சாற்றின் அடர்த்தி, வெறும் நீரின் 1.000-ஐ நெருங்கி 1.010க்கு இறங்கியதும், அத்தை சொன்ன கழுநீர் இதுதான் என்று குழாயை மூடினேன். விளையாட்டு முதன்முறையாக என்னைப் பாராட்டியது. அந்த மிதப்பில் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் முதுகுக்குப் பின்னால் காப்பி மணம் வந்தது.

"பார்லித் தண்ணீருக்கு ஈஸ்ட் எதற்கு, மாப்பிள்ளை?"

மறுநாள் காலையிலிருந்து எனக்கு வருவது இரண்டாம் டிகாஷன் காப்பிதான்.