48,000 ரூபாய்

"நீர் ஆறு கிழமைக்கு வந்தனீர், தங்கச்சி. நாங்கள் இங்கதான் இருக்கப்போறம்."

2017 ஆகஸ்டில் நான் சொன்னது இது. இரண்டு வசனமும் உண்மை. ஆனாலும் அதைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் முகம் வாடிய விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அவள் ஸ்காபுரோவில் பிறந்தவள். தகப்பன் 1980களில் கரவெட்டியிலிருந்து வெளிக்கிட்டவர். வன்னி அவருக்கே பழக்கமில்லாத இடம். கனடாவில் லீவு விட்டதும் இவளைப் போன்ற பிள்ளைகள் ஓடி வருவார்கள், இங்கே அப்போது ஆகஸ்டில் பள்ளிக்கூடமும் பூட்டு. அதனால் சனசமூக நிலையத்தில் வகுப்பு வைப்போம். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த 32 பிள்ளைகளுக்கு அவள் ஆங்கிலம் படிப்பித்தாள். பொறுப்பு என்னிடம் இருந்தது. வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சில விதிகளை வாசித்துக் காட்டுவேன். அதில் ஒன்று, தனிப்பட்ட எந்தக் குடும்பத்துக்கும் காசு கொடுக்கக் கூடாது என்பது.

ஒரு பெடியன் மூன்று நாளாக வகுப்புக்கு வரவில்லை. சைக்கிளில் தேடிப் போயிருக்கிறாள். முற்றத்தில் லோன்காரரின் மோட்டார் சைக்கிள். தாயோடு ஒரே நுண்கடன் குழுவில் இருந்த மற்ற நான்கு பெண்களும் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். கட்டும்வரை எழும்ப முடியாது. பெடியனின் தாய் குசினிக்குள் நின்றிருக்கிறார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கணவர் இல்லை. மாடு வாங்க எடுத்த லோன். வரட்சியில் புல்லும் இல்லை, பாலும் இல்லை. மிச்சம் 48,000 ரூபாய்.

பின்னேரம் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இது 400 டொலர். எனக்கு ரெண்டு கிழமை பார்ட் டைம் சம்பளம். நான் கட்டிவிடுறன்."

"விதி தெரியுந்தானே?"

"தெரியும். ஏன் அந்த விதி எண்டு தெரியாது."

"ஒருத்தருக்குக் குடுத்தா மற்ற 31 வீட்டுக்கும் நான் என்ன சொல்றது?"

"அப்ப ஒருத்தருக்கும் வேண்டாமோ?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அப்போதுதான் அந்த ஆறு கிழமைக் கதையைச் சொன்னேன்.

பிறகு நல்ல பதில்கள் எவ்வளவோ வந்தன. ஒரு லோன் முடிந்தால் அடுத்த கிழமையே அதைவிடப் பெரிய லோனோடு வாசலில் வந்து நிற்பார்கள். கட்டி முடித்தவர்தான் அவர்களுக்கு நல்ல வாடிக்கையாளர். இதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கனடாக்காசு வந்த வீடு என்று தெரிந்தால் இன்னும் மோசம். இதைச் சொல்லியிருந்தால் விளங்கியிருப்பாள், கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் அந்த நேரம் என் மனதில் இது எதுவும் இல்லை. நான் ஆறு வருடமாக ஏறி இறங்கிய வீடு அது. பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், லோன்காரரோடு வாய்த்தர்க்கப்பட்டிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. இருபது வயதுப் பிள்ளை ஒரு கார்ட்டை எடுத்து அதைத் தீர்க்கப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. விதியைக் காப்பாற்றினேனா, என் மரியாதையைக் காப்பாற்றினேனா என்று கேட்டால், இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் இன்னும் முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2010 இல் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது, சுவிசிலிருந்து அண்ணா அனுப்பிய காசில்தான் கூரை போட்டேன். அவருக்கு யாரும் விதி வாசித்துக் காட்டவில்லை. அயலில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு என்ன சொல்வது என்று நானும் யோசிக்கவில்லை. அண்ணன் தம்பி என்றால் உதவி, கரவெட்டிக்காரரின் மகள் என்றால் விதிமீறல். இப்படி எழுதிப் பார்க்கும்போது கூசுகிறது. ஆனால் விதியே இல்லாமல் விட்டிருந்தால் அந்த வகுப்பு நடந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். முன்னொரு வருடம் ஒரு பிள்ளைக்கு மட்டும் சைக்கிள் கிடைத்து, தாய்மார் இரண்டு பட்டதை நேரில் பார்த்தவன் நான்.

"நாங்கள் இங்கதான் இருக்கப்போறம்" என்றேனே, அது அவளுக்குச் சொன்னதுதானா? அவளுடைய தகப்பனுக்கு, என் அண்ணாவுக்கு, வெளிக்கிட்டுப் போன எல்லோருக்கும் சொல்ல நினைத்து இவ்வளவு காலமும் சொல்லாததை, திரும்பி வந்த ஒருத்தியின் தலையில் இறக்கிவிட்டேன் போலிருக்கிறது.

அவள் வாக்குவாதப்படவில்லை. மிச்ச நாள்களும் வந்து படிப்பித்துவிட்டுப் போனாள். நான் தாயிடம் போய், "கட்டாமல் விடாதேங்கோ அக்கா, மற்ற நாலு பேரையும் பிடிப்பாங்கள்" என்று சொன்னேன். சரியான புத்திமதி என்றுதான் நினைத்தேன். அவர் மாட்டையும் தோட்டையும் விற்று, வருடம் முடிய முதல் கட்டித் தீர்த்தார்.

2018 இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களில், மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் நிலுவையில் நின்றவற்றைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. கிளிநொச்சி மாவட்டமும் அதில் இருந்தது. கட்டியவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று வரும் என்று 2017 இல் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. என்னைக் குற்றம் சொல்ல ஏலாது. இதை எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.

செய்தி கேள்விப்பட்டு அவள் வட்ஸ்அப்பில் கேட்டாள்: "அண்ணா, அந்த அம்மான்ர லோன் கான்சல் ஆகிட்டுதா?"

மாட்டைப் பற்றி எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு, "அவ எல்லாம் கட்டி முடிச்சிட்டா" என்று மட்டும் அனுப்பினேன்.

"சந்தோசம் அண்ணா. நீங்கள் சொன்னதுதான் சரி" என்று பதில் வந்தது.

பெடியன் ஆங்கிலத்தில் சித்தியடைந்துவிட்டான். மாட்டுக்கொட்டிலுக்குள் இப்போது விறகு அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டும் அந்த வழியால் போகும்போது தாய் படலையடிக்கு வந்து கேட்பார், "தம்பி, கனடாப் பிள்ளை இந்த முறையும் வராதோ?"