களப்பு இறாலும் கொழும்புக்காரரும்

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போகாத கொழும்புத் தமிழ்க் குடும்பம் இருக்காது. 2013இல் அதிவேகப் பாதை திறந்த பிறகு அது சின்னப் பயணம். இடப்பக்கம் முத்துராஜவெல சதுப்பு நிலம், அதைத் தாண்டினால் நீர்கொழும்புக் களப்பு. 3,000 ஹெக்டேயருக்கு மேல் விரிந்து கிடக்கும் தண்ணீர். பெட்டி முப்பது கிலோவைத் தாண்டுமா, பாஸ்போட் யார் கையில் என்ற பேச்சிலேயே அதைக் கடந்துவிடுவோம்.

எனக்குக் களப்பைக் காட்டியது அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். நீர்கொழும்பு கடற்கரைத் தெருக்காரர். எங்களோடு தமிழ், பேரப்பிள்ளைகளோடு சிங்களம், மாதாவோடு இரண்டும். அவருடைய தோணியில் இருந்து கையை விட்டால் பல இடங்களில் அடிச்சேறு தட்டுப்படும். சராசரி ஆழம் ஒரு மீற்றர்கூட இல்லை. தெற்கில் தண்டுகம் ஓயாவும் ஜா-எலவும் நன்னீர் கொண்டுவந்து சேர்க்கின்றன, வடக்கில் ஒடுங்கிய வாய் வழியே கடல் உள்ளே வருகிறது. அந்த ஒடுங்கிய வாயில்தான் ஊரின் பிழைப்பு.

கொட்டாஞ்சேனையில் நாம் பேரம் பேசி வாங்கும் களப்பு இறால் களப்பில் பிறந்ததல்ல. தாய் இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் வாய் வழியே உள்ளே வந்து, கடற்புல்லுக்குள்ளும் கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் வேர்களுக்கு நடுவிலும் ஒளிந்து வளர்கின்றன. கொஞ்சம் பருத்ததும், இருட்டில், வற்றுநீரோடு கடலுக்குத் திரும்பும். திரும்பும் அந்த வழியில் கம்பு நட்டு விரிப்பதுதான் கட்டுதெல் வலை. மாமா டோர்ச் அடித்துக் காட்டினார். வலைக்குள் இறால் தெரியவில்லை, கண்கள்தான் தெரிந்தன. நூற்றுக்கணக்கான சிவப்புப் புள்ளிகள், துள்ளித் துள்ளி இடம் மாறிக்கொண்டிருந்தன.

அந்த வலையை நினைத்தவர் நினைத்த இடத்தில் போட முடியாது. கடற்கரைத் தெரு, பெரிய தெரு, டூவ, பிட்டிபன ஆகிய நான்கு இடத்துச் சங்கங்களுக்கு மட்டுமே உரிமை. அது அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். யாருக்கு எந்த இடம் என்பதைத் திருவுளச் சீட்டுத் தீர்மானிக்கும். மகளுக்குப் பங்கில்லை, வந்து குடியேறியவருக்கும் இல்லை. இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

“எல்லாரையும் விட்டா இறால் இருக்காது மருமகன், வலை மட்டும்தான் இருக்கும்” என்றார்.

எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக வலை போட்டும் அந்த வாயில் இன்னும் இறால் ஓடுகிறது என்பதை மறுக்க முடியவில்லை.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது கிளைக் குவியல் என்ற மீன்பிடி முறை. கண்டல் கிளைகளை வெட்டி, ஆழம் குறைந்த இடத்தில் வட்டமாக நெருக்கி நடுகிறார்கள். மீன்கள் நிழலுக்கும் இரைக்கும் அதற்குள் குடிவரும். சில வாரம் விட்டுச் சுற்றிலும் வலை கட்டி, கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே போட்டு, மீனை அள்ளுவார்கள். கண்டலை வெட்டுவது பாவம் என்று நாம் சொல்வோம். இங்கேயோ, வெட்டுவதற்குக் கிளை வேண்டும் என்றே கரையில் கண்டல் நட்டு வளர்க்கிறார்கள். புகைப்படத்துக்கு நட்டுவிட்டுப் போகும் கன்றுகளைவிட இவை நன்றாகப் பிழைக்கின்றன என்பது என் அபிப்பிராயம். நாளைக்குத் தேவைப்படும் மரத்தை ஆடு கடிக்க யார் விடுவார்?

கெடுதல் பெரும்பாலும் கரையில் இருந்துதான் வருகிறது. வீட்டுக் கழிவு, ஓரத்தைக் குப்பை கொட்டி நிரப்பிக் கட்டிய குடிசை, அதைவிடப் பெரிதாக முத்துராஜவெலவில் கொட்டப்படும் மண். அந்தச் சதுப்புத்தான் மழைவெள்ளத்தை உறிஞ்சி வைத்து மெதுவாகக் களப்புக்கு விடுவது. அதை நிரப்பினால் வத்தளை, ஜா-எலப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் வரும், களப்புக்குச் சேறு போகும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தது வேறு கதை. கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள், தொழிலுக்குத் தடை. கொழும்பில் நாங்கள் பயத்தில் மீனே வாங்காமல் இருந்தோம். அந்த நாட்களில் மாமா தொலைபேசியில் அதிகம் பேசவில்லை, கருவாடு இருக்கு என்று மட்டும் சொன்னார்.

சரி, இறால் வாங்கப் போகிறவர்களுக்கு: புறக்கோட்டையில் 240 பஸ் எடுங்கள், விடியமுன் கிளம்புங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் பெரிய இறால் எல்லாம் ஐஸ் பெட்டியில் கொழும்பு ஹோட்டல்களுக்குப் புறப்பட்டிருக்கும். போன தடவை எனக்கு மிஞ்சியது சூடை மீன்தான். அதையும் மாமி பொரித்துத் தந்தார், இறாலை மறந்தே போனேன்.