வலிக்காத கால்களின் அருகில்

பெரிய வியாழனன்று ஆலயத்தில், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். குருவானவர் கால்களைக் கழுவப் பன்னிரண்டு பேர் முன்வரிசையில் உட்காருவார்கள். வீட்டிலேயே தேய்த்துக் கழுவிய கால்களோடுதான் வருவார்கள். சில நிமிடங்களில் சடங்கு முடிந்துவிடும். தொழுநோய்ப் பிரிவில் இதே வேலை அன்றாடம் நடக்கிறது. ஒருவருக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். நம் அன்பு எந்தத் தரத்தில் இருக்கிறது என்பது அந்த அரை மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும்.

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குவதால் பாதம் மரத்துப்போகிறது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டே தேய்கின்றன என்று எடுத்துக்காட்டினார். இரவில் எலி கடித்தாலும் தூங்குபவருக்குத் தெரியாது. மருந்து கிருமியைக் கொல்லும். ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதத்தில் சிகிச்சை முடியும். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. ஆகவே அந்தக் காலை ஆயுள் முழுக்கக் கண்ணால்தான் காக்க வேண்டும்.

காலை ஊறவைக்க அகலமான பேசினில் சாதாரணத் தண்ணீர் போதும். வெந்நீர் வேண்டவே வேண்டாம். சூடு அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இருபது நிமிடம் ஊறினால் காய்ப்பு மெத்தென்று ஆகும். அதைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட நினைத்து பிளேடைக் கையில் எடுப்பவர்கள் புதுப் புண்ணை உண்டாக்குகிறார்கள். விரலிடுக்கை மட்டும் ஒற்றித் துடைத்துவிட்டு, மற்ற இடங்களில் ஈரம் காயுமுன் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். அப்போதுதான் ஈரம் தோலுக்குள் நிற்கும், வெடிப்பு வராது. பிறகு புறங்கையால் உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அன்றே நடையைக் குறைத்தால் பல புண்களைத் தவிர்க்கலாம்.

புண் இல்லாத காலைத் தொடக் கையுறை தேவையில்லை. இருந்தும் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எதுவும் சொல்லமாட்டார், ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். கையுறை புண்ணுக்கு, அருவருப்புக்கு அல்ல.

ஆறிய புண் மறுபடி திறந்துகொண்டு வரும்போதுதான் உண்மையான சோதனை. “சொன்னா கேட்கவே மாட்டீங்களா?” என்று அதட்டுவோம். அட்டையில் ‘ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதிவிடுவோம். அதன் பலன் ஒன்றே: அடுத்த முறை அவர் புண்ணை மறைப்பார், எலும்பு வரை சீழ் போன பிறகுதான் வருவார். அன்பு “தீங்கு நினையாது” என்று பவுல் எழுதியதை (1 கொரிந்தியர் 13) அட்டை எழுதும் மேசையருகே நினைத்துப் பார்க்க வேண்டும். வலி நம்மை நடையை நிறுத்தச் சொல்கிறது, நொண்டச் சொல்கிறது. அவருக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. களை எடுக்கப் போகாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை. “எத்தனை மணி நேரம் நின்னீங்க, வேலைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீங்க?” என்று கேட்டால் காரணம் கிடைக்கும், அதட்டினால் பொய்தான் கிடைக்கும்.

இன்னொரு குறை, பக்தியுள்ளவர்களிடமே அதிகம் தென்படுவது: அவர் காலை நாமே கழுவிக்கொண்டிருப்பதில் ஒரு நிறைவு வந்துவிடுகிறது. நம்மைத் தேடி அவர் வரவேண்டும் என்று மனம் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அன்பு “தற்பொழிவை நாடாது”, அதாவது தன் நலத்தைத் தேடாது என்ற பவுலின் வார்த்தை இங்கேதான் சுடுகிறது. முதல் நாள் நாம் கழுவலாம். சீக்கிரமே கல்லை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். உள்ளங்காலைப் பார்க்க ஒரு கண்ணாடி, வீட்டில் ஒரு பழைய பக்கெட், ஒரு கல் இருந்தால் போதும். கை விரல்கள் மடங்கிப்போனவருக்குக் கல்லில் கட்டைப் பிடி வைத்துக் கொடுக்கலாம், அல்லது வீட்டாருக்குக் கற்றுத்தரலாம். அவர் நம்மைத் தேடாமல் இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

செருப்பிலும் இதே கேள்விதான். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்பில் ஆணி அடிக்கக் கூடாது. ஒட்டித் தைக்க வேண்டும், பின்வார் வேண்டும். புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் போட்டுப் பார்த்து, தோல் சிவந்திருக்கிறதா என்று கவனித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். இவ்வளவு பார்த்துச் செய்தாலும் பலர் அதைப் போடுவதில்லை. பார்த்ததுமே ‘ஆஸ்பத்திரிச் செருப்பு’ என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. நோய் குணமான பிறகும் பெயர் ஒட்டிக்கொள்கிறது. கல்யாணத்துக்குப் போகிறவர் அதை வீட்டில் விட்டுவிட்டு மெல்லிய ரப்பர் செருப்பில் போகிறார், புண்ணோடு திரும்புகிறார். அளவெடுக்கும்போதே நிறம் என்ன, வார் எப்படி, எங்கெல்லாம் போட்டுக்கொண்டு போவார் என்று கேட்டுவிடுங்கள். கடைச் செருப்பின் தோற்றத்திலேயே இதைத் தைக்க முடியும்.