அரிசி மில் மீத்தேன் எந்தத் தலைப்பில்?

2016-ல் இந்தியா வெளியேற்றிய மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு சமானத்தில் 40.9 கோடி டன். அதில் ‘தொழில் செயல்முறைகள்’ என்ற தலைப்பின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. விவசாயம் மட்டும் 74. இந்த எண்ணோடு திருநெல்வேலிப் பக்கத்து ஆலைகளை ஒப்பிட உட்கார்ந்தால் கணக்கு இடறும். தாமிரபரணிப் பாசன வயல் விவசாயத்தில் சேரும், சரி. புழுங்கலரிசி மில்லின் கழிவுநீரோ ‘கழிவு’ தலைப்புக்குப் போய்விடும்.

ஒரு மில்லைப் பார்ப்போம். நெல் ஊறவைத்து வடித்த தண்ணீர் நாளைக்கு 10,000 லிட்டர், அதன் சிஓடி (தண்ணீரில் உள்ள கரிமக் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 3 கிராம் என்று வையுங்கள். மொத்தம் 30 கிலோ சிஓடி. கிலோவுக்கு அதிகபட்சம் 0.25 கிலோ மீத்தேன். கழிவுநீர் தேங்கும் குழி 2 மீட்டருக்கு மேல் ஆழமென்றால், அந்த அதிகபட்சத்தை 0.8-ஆல் பெருக்கணும்: நாளைக்கு 6 கிலோ மீத்தேன். ஆழம் அதற்குக் குறைவென்றால் 0.2, ஒன்றரைக் கிலோதான். மில் எவ்வளவு பெரிசு என்பதைவிடக் குழியின் ஆழத்தை முதலில் அளந்து பாருங்கள்.

சிஓடியை அளப்பதற்கான சாம்பிளை, தண்ணீர் குழிக்குள் விழும் வாயிலேயே பிடிக்கணும். குழிக்குள் மொண்டால் சிஓடியில் ஒரு பங்கு ஏற்கெனவே வாயுவாகப் போயிருக்கும். பிடித்ததும் கந்தக அமிலம் விட்டு பிஎச்-சை 2-க்குக் கீழே இறக்கி, ஐஸில் வையுங்கள்.

இன்னொன்று: நாட்டின் அந்த 40.9 கோடி, மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடு சமானமாக மாற்ற 21-ஆல் பெருக்கியது. நம் மில்லை மட்டும் 28-ஆல் பெருக்கினால் மூன்றில் ஒரு பங்கு சும்மாவே கூடிவிடும்.