ஐந்தாவது முயற்சியில் வாய் திறந்த ஃபஸ் ஃபேஸ்

நான்கு முறை கழற்றிப் பூட்டிய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஃபஸ் ஃபேஸ், அதாவது கித்தார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல், ஒருவழியாக நேற்று இரவு வேலை செய்துவிட்டது. ஆறாவது தந்தியை மீட்டினேன். ஒலி தடித்து எழுந்து, நெடுநேரம் நின்று, மெல்லத் தேய்ந்து அடங்கியது. இதற்கு முன் நான்கு முறையும் சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்தாற்போலப் படபடத்துவிட்டு, யாரோ கழுத்தை நெரித்ததுபோல் பாதியிலேயே நின்றது.

இத்தனைக்கும் இதற்குள் இருப்பது என்ன? இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கபாசிட்டர், இரண்டு குமிழ். ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் லண்டனிலிருந்து வெளியிட்ட அதே சுற்று. கித்தார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாருக்கும் 100 வாட் மார்ஷல் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் கிடந்த அந்த வட்டப் பெட்டிக்குள் இதற்கு மேல் எதுவும் இல்லை. அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தவன் மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை.

குற்றம் என் மல்டிமீட்டரில் இருக்கும் டிரான்சிஸ்டர் துளையை நம்பியதில். அது காட்டும் பெருக்க எண் (உள்ளே வரும் மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்குகிறது என்பது) சிலிக்கானுக்குச் சரி. ஜெர்மானியத்தில், உள்ளீடு இல்லாதபோதும் தானாக ஓடும் கசிவு மின்னோட்டத்தையும் பெருக்கமாகச் சேர்த்து எண்ணிவிடும். 190 என்று காட்டிய ஒன்றின் உண்மையான பெருக்கம் 123.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை பழையது, எளியது, ஆனால் நான் சோம்பலில் தள்ளிப்போட்டது. 9 வோல்ட் பேட்டரி, டிரான்சிஸ்டரின் வெளியீட்டுக் காலான கலெக்டரில் 2.47 கிலோ ஓம் ரெசிஸ்டர். (2.2 கிலோ ஓமும் 270 ஓமும் தொடராக வைத்தால் கிடைத்துவிடும்.) உள்ளீட்டுக் காலான பேஸை எதிலும் இணைக்காமல் தொங்கவிட்டு அந்த ரெசிஸ்டரின் குறுக்கே அளந்தால் வருவது முழுக்கக் கசிவு. பிறகு பேஸில் 2.2 மெகா ஓம் வழியாக ஏறத்தாழ 4 மைக்ரோ ஆம்பியர் கொடுத்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து நூறால் பெருக்கினால் பெருக்கம். என் கையில் இருந்தது முதலில் 0.62 வோல்ட், பிறகு 1.85 வோல்ட் காட்டியது. அதாவது கசிவு மட்டுமே 250 மைக்ரோ ஆம்பியர்.

அந்த எண்ணைத் தாளில் எழுதிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 33 கிலோ ஓம். 9 வோல்ட்டில் அதன் வழியே ஓடக்கூடியதே கால் மில்லி ஆம்பியர்தான். அதாவது இந்த டிரான்சிஸ்டர் வேலை எதுவும் செய்யாமல், வெறும் கசிவாலேயே மொத்தத்தையும் விழுங்கிவிடுகிறது! 100 கிலோ ஓம் வழியாக இரண்டாவதிலிருந்து முதலாவதற்குத் திரும்பிவரும் பின்னூட்டத்துக்குத் திருத்த எதுவும் மிச்சமில்லை. இரண்டாவது டிரான்சிஸ்டர் பட்டினி கிடக்கிறது. அதன் கலெக்டர் 4.5 வோல்ட்டில் நிற்பதற்குப் பதில் 7.3-க்கு ஏறிவிடுகிறது. நான்கு முறையும் நான் அளந்த எண் இதுதான், 7.3-ஐ ஒட்டியே. நான்கு முறையும் இணைப்பு சரியில்லை என்று நினைத்துக் கம்பியைத்தான் மாற்றினேன்.

இன்னொரு பாடமும் உண்டு. டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துச் செருகினால் உடல் சூடே அளவைக் கெடுத்துவிடும். 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும் பொருள் இது. செருகிவிட்டுப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பொறுமை இல்லாமல் இரண்டு நிமிடத்தில் குறித்த எண்கள் அத்தனையும் பிறகு அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

விற்றவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்.கே.டி. 275 (ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வகை) என்று அச்சிட்டு வந்த பத்தில் இரண்டு ஜெர்மானியமே இல்லை. பேஸ் எமிட்டர் இடையே 0.6 வோல்ட் காட்டினால் அது சிலிக்கான், ஜெர்மானியம் 0.2, 0.3-ஐத் தாண்டாது. மேலே எழுத்தை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். கேட்டதற்குப் பதில் இல்லை. மீதி எட்டில் ஐந்து வெறும் கசிவுப் பாத்திரங்கள். ஒன்று கசிவு குறைவு, பெருக்கமும் இல்லை. தேறியவை இரண்டு: 0.14 வோல்ட் கசிவுடன் பெருக்கம் 78, 0.31 வோல்ட் கசிவுடன் 118. குறைந்தது முன்னால், கூடியது பின்னால்.

போட்டதும் இரண்டாவதின் கலெக்டரில் 5.1 வோல்ட். அங்கிருந்த 8.2 கிலோ ஓமை எடுத்துவிட்டு, திருப்பி அளவை மாற்றக்கூடிய ரெசிஸ்டரான ஒரு டிரிம்மரை வைத்து 9.5 கிலோ ஓம் வரை திருப்பியதும் 4.5-இல் வந்து நின்றது. கித்தாரின் வால்யூம் குமிழை 10-இலிருந்து 6-க்குக் குறைத்தால் இரைச்சல் விலகி, கண்ணாடி போன்ற ஒலி வெளிப்படுகிறது. இதற்காகத்தானே ஜெர்மானியம். சிலிக்கானில் பி.சி. 108 வைத்துக் கட்டிய என் பழைய பெடல் கூர்மையானது, ஆனால் இப்படி இறங்கிவராது. 1969 வாக்கில் ஹெண்ட்ரிக்ஸும் சிலிக்கானைத்தான் மிதித்தார், அதனால் அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

காலால் அசைத்து ஒலியை ‘வா வா’ என்று பேசவைக்கும் வா வா பெடலை ஃபஸ்ஸுக்கு முன்னால் வைத்தால் சண்டை தொடங்குகிறது. ஃபஸ்ஸின் உள்ளீடு மின்னோட்டத்தை உறிஞ்சுவதால் வா வா தன் ஏற்ற இறக்கத்தை இழந்து முனகுகிறது. இடையில் இரண்டையும் பிரித்துவைக்கும் பஃபர் சுற்று ஒன்றைப் போட்டால் முனகல் போகும், கூடவே வால்யூம் குமிழின் அந்த அருமையும் போகும். இப்போதைக்கு வா வா அலமாரியில். மற்ற பெடல்களின் மின்சாரத்தோடு இதை இணைக்கக்கூடாது என்பதையும் ஒரு முறை அடாப்டர் அணைந்து போன பிறகே நினைவுகூர்ந்தேன்; நேர்முனை தரையாக இருக்கும் பெடலுக்குத் தனி பேட்டரிதான்.

பெட்டி இன்னும் துளையிடப்படவில்லை, சுற்று, பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டிலேயே கிடக்கிறது. ஆனாலும் மனம், ஒலியைச் சுழலவைக்கும் யூனிவைப் பெடலுக்குப் போய்விட்டது. ஷின்-ஏய் நிறுவனத்துக்காக ஃபுமியோ மியேதா வடிவமைத்தது. நடுவில் ஒரு சிறு விளக்கு துடிக்க, சுற்றிலும் நான்கு ஒளியுணரிகள். அந்த ஒளியுணரிகளுக்கும் இதே தேர்வு வேலைதான், இருட்டில் எத்தனை ஓம், வெளிச்சத்தில் எத்தனை என்று. பன்னிரண்டு கேட்டிருக்கிறேன், வேறொருவரிடம்.

இன்று பிற்பகல் அறை சூடானபோது அதே கலெக்டரை மீண்டும் அளந்தேன். 5.3 வோல்ட். படபடப்பு லேசாகத் தலைகாட்டியது, டிரிம்மரைக் கால் சுற்று திருப்பியதும் அடங்கியது. பெட்டியில் ஸ்க்ரூடிரைவர் நுழைய ஒரு துளை கூடுதலாகப் போட வேண்டும்.