ஹாரியட் வின்சுலோ: அம்மாவையும் மகளையும் பிரித்தெடுத்தாயிற்று

நான்கு மாதமாக இழுத்தடித்த முடிச்சு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவிழ்ந்தது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்கள் பள்ளியை 1824இல் தொடங்கிய அமெரிக்க மிஷனரி ஹாரியட் வின்சுலோவின் குடும்பப் பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்த மைரன் வின்சுலோவின் மனைவி என்றால் சட்டென்று பிடிபடும். 1796 ஏப்ரலில் கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் பிறந்தவர். 1819இல் கல்யாணம், அந்த ஜூன் மாதமே பாஸ்டனில் கப்பலேறினார். 1833 ஜனவரியில் உடுவிலில் இறந்தபோது வயது 36.

ஆனால் நான் முதலில் நம்பி எடுத்த குடும்ப மரத்தில் இவர் அதற்குப் பிறகும் வாழ்கிறார், இன்னொரு கல்யாணம் செய்கிறார், பிள்ளை பெறுகிறார்! யாரோ அம்மாவையும் மகளையும் ஒட்டி ஒரே ஆளாக்கியிருக்கிறார்கள். இருவருமே ஹாரியட். அம்மா ஹாரியட் வாட்ஸ்வொர்த் லாத்ரப் வின்சுலோ, மகள் ஹாரியட் லாத்ரப் வின்சுலோ. பதிவில் "ஹாரியட் எல். வின்சுலோ" என்று சுருக்கிவிட்டால் யார் என்று எப்படித் தெரியும்?

சென்சஸும் கைகொடுக்கவில்லை. 1850க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தானே! 1800இல் அப்பா சார்லஸ் லாத்ரப் வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட பெண்கள் என்ற கட்டத்தில் ஓர் எண்ணுக்குள் இருந்திருப்பார். 1810இல் 10 முதல் 15 வரை என்ற கட்டம். 1820இல் அவர் யாழ்ப்பாணத்தில். ஆக, அமெரிக்காவின் எந்தச் சென்சஸிலும் அவருடைய பெயரே கிடையாது. அது புரிந்த அன்று மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் வழிகாட்டியது நடுப்பெயர்தான். 1821இல் பிறந்த மகனுக்குத் தன் அப்பாவின் பெயரை அப்படியே வைத்திருக்கிறார்: சார்லஸ் லாத்ரப் வின்சுலோ. அந்தப் பையன் 11 வயதில் நியூயார்க்கில் இறந்துபோனான். மகளுக்கும் அதே லாத்ரப். அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பெயர், பிள்ளைகளுக்கு நடுப்பெயர். இது உறைத்ததும் ஒவ்வொரு பதிவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன்: வருஷம், ஊர், பக்கத்தில் யார் பெயர். கூட மைரன் வின்சுலோ இருந்து, வருஷம் 1833ஐத் தாண்டாமல் இருந்தால் மஞ்சள் சீட்டு, அம்மா. மகளின் கணவர் ஜான் வெல்ஷ் டல்லஸ் இருந்தால் பச்சை, மகள். சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். மரத்தில் ஒட்டிக்கிடந்த இரண்டு வாழ்க்கையும் தனித்தனி வரிசையாகப் பிரிந்துவிட்டன. பச்சை வரிசையில் கீழே இறங்கினால் பேரன் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், பிற்காலத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர். உடுவில் மண்ணில் இருப்பவரின் கொள்ளுப்பேரன்!

தேடுகிறவர்கள் லாத்ரப்போடு லோத்ரப் என்ற எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். ஒரே குடும்பம்தான், இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். அப்புறம், வம்சாவளியை ஏ3 தாளில் அச்சடித்தால் எழுத்து நுணுங்கிவிடுகிறது. கட்டட வரைபடம் அச்சடிக்கும் கடைக்குப் போங்கள், நீளத் தாளில் ஒரே படமாக எடுத்துத் தருவார்கள்.

ஹாரியட்டின் தங்கைகள் மூவரும் மிஷனரி மனைவிகளாக யாழ்ப்பாணம் வந்தவர்கள். அவர்களுக்கு நீலச் சீட்டு வாங்கி வைத்துவிட்டேன். ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கும் மிஷன் கடிதங்களையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பச்சை வரிசையில் முதல் சீட்டு, மகளின் பிறப்பு, இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.